போதிக்கப் போனவர் வாங்கில் அமரலாமா?



பெந்தகோஸ்தே திருநாளன்று எருசலேமில் கூடியிருந்த பார்த்தரும் மேதரும் எலாமித்தரும் தத்தம் மொழியிலே அப்போஸ்தலர் பேசக் கேட்டு மலைத்து நின்றார்கள் என அப்போஸ்தலர் பணி இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஞானோபதேச வகுப்பில் இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது பின்வரிசையிலிருந்து எவனாவது ஒரு சிறுவன் எழுந்து கேட்பான்: "அப்படியென்றால் சுவாமி, இப்போது வெளிநாடு போகிற வேதபோதகர்கள் ஏன் மாதக்கணக்காகப் பாஷை படிக்க வேணும்? பரிசுத்த ஆவி அவர்களுக்கும் அந்த வரத்தைக் கொடுக்கலாம்தானே?"

சிறுவனின் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. நற்செய்தி அவசரமானது என்கிறோம்; அறுவடை மிகுதி, வேலையாட்களோ குறைவு என்கிறோம். அப்படியிருக்க, அந்தக் குறைந்த வேலையாட்களையும் பிடித்து, சிறு பிள்ளைகளைப் போல வாங்கிலே இருத்தி, "இது மேசை, அது கதவு" என்று சொல்லவைப்பது எந்த நியாயத்தில்? அதிலும் அந்த வேலையாள் தன் ஊரில் ஒரு கைதேர்ந்த வைத்தியராகவோ ஆசிரியராகவோ இருந்து, மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தால்?

இது கற்பனைக் கேள்வியல்ல. 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பாப்பரசர் 23-ஆம் அருளப்பரின் அழைப்பை ஏந்தியவராக, பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அகொஸ்தினோ கசரோலி ஆண்டகை அமெரிக்காவின் நோத்ரதாம் பல்கலைக்கழகத்தில் துறவற சபைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அவர்களுடைய உறுப்பினரில் நூற்றுக்குப் பத்துப் பேரைப் பத்து ஆண்டுகளுக்குள் இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அது. அதற்கு முந்திய ஆண்டிலேயே பொதுநிலையினரான தொண்டர்களை அங்கே அனுப்பும் திட்டம் பாப்பரசரின் பெயரால் தொடங்கியிருந்தது. குருக்களும் கன்னியரும் மட்டுமே போய்வந்த பாதையில் இவ்வாறு கணவனும் மனைவியும் கால்வைத்தார்கள். 1975-இல் மேரிநோல் சபையாரும் பொதுநிலைப் பணியாளருக்கென ஒரு திட்டம் வகுத்தனர். இப்படிப் போனவர்களில் பலர் முதலில் இறங்கிய இடம், பொலிவியா நாட்டில் கொச்சபம்பா நகரிலே மேரிநோல் சபையார் 1965-இல் தொடங்கிய மொழிப் பள்ளி.

கொச்சபம்பா கடல் மட்டத்துக்கு 2,500 மீற்றருக்கும் மேலே, அந்தீஸ் மலைகளுக்கிடையிலே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. நமது நுவரெலியாவைக் காட்டிலும் அறுநூறு மீற்றருக்கு மேல் உயரம். அங்கே வந்திறங்கும் ஒரு தம்பதியை எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. காலையில் வகுப்பு; மாலையில் "லா கஞ்சா" என்னும் பெருஞ்சந்தை. அங்கே அகன்ற பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து உருளைக்கிழங்கை நிறம் நிறமாகக் குவித்து விற்பார்கள். இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்து வருடக்கணக்காக வைத்திருக்கக்கூடிய "சூஞ்ஞோ" என்ற கறுத்த கிழங்கும் அங்கே கிடைக்கும். (ஒடியல் தெரிந்த நமக்கு இதில் வியப்பில்லை.) விலை கேட்கத் தெரியும்; சொல்லப்பட்ட விலை விளங்காது.

ஸ்பானிய மொழி கடினமானதன்று என்பார்கள். எழுத்து எப்படியோ உச்சரிப்பும் அப்படியே. ஆயினும் பொறிகள் உண்டு. "பெரோ" என்றால் "ஆனால்". நாவை உருட்டி "பெர்ரோ" என்றால் நாய். ரகரமும் றகரமும் பழகிய நம் நாவுக்கு இந்த வேற்றுமை ஓரளவு பிடிபடும். வட அமெரிக்கர் படும் பாடு சொல்லி முடியாது. வெட்கமாயிருக்கிறது என்று சொல்ல விரும்பும் பெண், ஆங்கிலச் சொல்லின் சாயலைப் பிடித்துக்கொண்டு "எம்பராசாதா" என்று சொல்லிவிடுகிறாள். தான் கர்ப்பவதி என்று ஊருக்கு அறிவித்துவிட்டாள்! "எஸ்போசாஸ்" என்ற ஒரே சொல் மனைவியர் என்றும் பொருள்படும், கைவிலங்கு என்றும் பொருள்படும். இதைப் பற்றிக் குருவானவராகிய நான் கருத்துச் சொல்லாமலிருப்பது நல்லது.

"இரு" என்ற நம் ஒரே வினைக்கு அவர்களிடம் இரண்டு சொற்கள். ஒருவரின் இயல்பைச் சொல்ல "சேர்". நிலையையும் இடத்தையும் சொல்ல "எஸ்தார்". நோயாளியாயிருப்பதும் களைத்திருப்பதும் "எஸ்தார்". ஆச்சரியம் என்னவென்றால், இறந்திருப்பதும் "எஸ்தார்" தான். இலக்கண ஆசிரியர்கள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். உயிர்ப்பை விசுவசிக்கிற நமக்கு இதைக் கேட்க மனதுக்கு ஆறுதலாயிருக்கிறது. மரியாதைக்குரியவரிடம் "உஸ்தெத்", நெருங்கியவரிடம் "து". கர்த்தர் கற்பித்த செபத்தில் பிதாவை அவர்கள் "து" என்றே அழைக்கிறார்கள். நாமோ நீ என்றும் சொல்லாமல் நீங்கள் என்றும் சொல்லாமல், "உம்முடைய" என்று இடையிலே ஒரு வழி கண்டோம்.

நிற்க. வேடிக்கை இதுவரைக்கும்தான்.

தன் ஊரில் அந்தக் கணவன் வாய் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே அஞ்சலகத்தில் முத்திரை கேட்கத் தெரியாமல் நிற்கிறான். ஒரு வசனத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொல்கிறான். மறுபக்கத்திலிருந்து ஒரு கேள்வி வருகிறது. கொண்டுபோன வசனம் அத்தோடு முடிந்துவிட்டது. சிங்களம் படித்த என் முதல் மாதங்களில் இந்த அனுபவம் எனக்கும் உண்டு. அறிவு குறைந்து போகவில்லை, ஆனால் அறிவிருப்பதைக் காட்ட வழியில்லை. பகிடி சொல்ல முடியாது. கோபத்தைக்கூட நாகரிகமாகக் காட்ட முடியாது. நாற்பது வயது மனிதன் நாலு வயதுப் பிள்ளையின் வாயோடு நடமாடுகிறான்.

மனைவியோ சந்தைக்குப் போய்வந்து, அயல்வீட்டுப் பெண்ணோடு வேலிக்கு மேலால் கதைத்து, பிழையோ சரியோ பேசத் தொடங்கிவிடுகிறாள். அவன் வினைத்திரிபு அட்டவணையோடு மேசையில் இருக்கிறான். வங்கியிலும் வைத்தியசாலையிலும் அவள் முன்னே நிற்க, அவன் பின்னே நிற்கிறான். வேறொரு குடும்பத்தில் இது மாறியும் நடக்கலாம்: அவன் வெளியே போய்ப் பழகுகிறான், அவள் குழந்தையோடு நான்கு சுவருக்குள் மொழியின்றிக் கிடக்கிறாள். இருவரையும் வெல்கிறவர்கள் பிள்ளைகள். ஆறு மாதத்தில் தெருப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்குமளவுக்குப் பேசுவார்கள்; தகப்பனின் உச்சரிப்பைத் திருத்துவார்கள்; கடைக்காரரிடம் தாய்க்காக மொழிபெயர்ப்பார்கள். குடும்பத்தின் தலை எது, கால் எது என்று தெரியாமற் போகிறது. பீடத்தின் முன் நின்று இன்பத்திலும் துன்பத்திலும் என்று வாக்குக் கொடுத்தபோது இந்தத் துன்பத்தை எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நம் வாசகர்களில் பலருக்கு இது புதினமல்ல. 1983-க்குப் பின் கனடாவிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் நோர்வேயிலும் போய் ஒதுங்கிய நம் உறவினர்கள் இதே பாட்டைப் பட்டவர்கள். வைத்தியரிடம் தன் வருத்தத்தைச் சொல்லப் பத்து வயது மகனைக் கூட்டிப்போன தாய்மாரை நாம் அறிவோம். ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம்மவர்கள் துரத்தப்பட்டுப் போனார்கள். வேதபோதகத் தம்பதியர் விரும்பிப் போகிறார்கள். துரத்தப்பட்டவனை ஏன் போனாய் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. விரும்பிப் போனவனைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

கேட்டவர் ஒருவர் இருந்தார். இவான் இல்லிச் என்பவர் 1926-இல் வியன்னாவில் பிறந்தவர். நியூயோர்க்கில் புவேர்த்தோ ரிக்கோ ஏழைகளிடையே பங்குப் பணி செய்த குரு. 1961-இல் மெக்சிக்கோவின் குவெர்னவாக்கா நகரில் மேற்சொன்ன வேதபோதகர்களுக்காகவே மொழியும் பண்பாடும் பயிற்றும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். போகிறவர்களைத் தயாரிக்கத் தொடங்கிய அவரே, காலப்போக்கில் போகாதீர்கள் என்று சொல்லத் தொடங்கியதுதான் விந்தை. 1967-இல் ஒரு கத்தோலிக்க சஞ்சிகையிலும், 1968 ஏப்ரலில் மெக்சிக்கோவுக்குத் தொண்டு செய்ய வந்த மாணவரின் மாநாட்டிலும் அவர் பேசிய கருத்து இது: உங்கள் நல்லெண்ணம் உங்களுக்கே நிறைவு தருகிறது, நீங்கள் யாரிடம் வருகிறீர்களோ அவர்கள் உங்களை அழைக்கவில்லை, அவர்கள் மொழியில் உங்களோடு விவாதிக்கக்கூட நீங்கள் இடம் வைக்கவில்லை, உங்களையறியாமலே உங்கள் நாட்டு வாழ்க்கை முறையை விற்க வந்திருக்கிறீர்கள், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய வராதீர்கள். 1969-இல் அவர் குருத்துவக் கடமைகளை விட்டு ஒதுங்கினார், 2002-இல் காலமானார்.

கசப்பான மருந்து. இதில் பாதிக்கு மேல் உண்மை என்றே நான் நினைக்கிறேன். உதவி செய்யப் போகிறவனுக்குள் ஒளிந்திருக்கும் அகந்தையைப் போல நுட்பமான அகந்தை வேறில்லை. ஆனால் "வராதீர்கள்" என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதை ஏற்றால் கொரிந்து நகருக்குச் சின்னப்பரும் போயிருக்கக் கூடாது. 1687-இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறிய யோசேவ் வாஸ் அடிகளாரும் வந்திருக்கக் கூடாது. இல்லிச்சின் கூற்றிலேயே விடையும் இருக்கிறது. ஒரு மொழியின் ஓசைகளைப் படிப்பதைவிட அதன் மௌனங்களைப் படிப்பது கடினம், வேதபோதகன் அவற்றையே படிக்க வேண்டும் என்று அவரே எழுதினார். எப்போது பேசாதிருப்பது மரியாதை, எந்த மௌனம் சம்மதம், எந்த மௌனம் மறுப்பு என்பன அகராதியில் இல்லை. வாய் அடைபட்டவனுக்கே அவை கேட்கத் தொடங்கும்.

ஆகவே அந்தச் சிறுவனுக்கு நான் சொல்லக்கூடிய விடை இதுதான். மொழி வரம் ஒரே நாளில் கிடைத்திருந்தால், வேதபோதகன் வந்த அன்றே பேசத் தொடங்கியிருப்பான். கேட்கத் தொடங்கியிருக்கவே மாட்டான். மொழி தெரியாத மாதங்களில் அவன் ஊராரின் தயவில் வாழ்கிறான். வழி சொல்ல ஒருவர் வேண்டும், பிழை திருத்த ஒருவர் வேண்டும், ஏமாறாமல் காக்க ஒருவர் வேண்டும். கொடுக்க வந்தவன் பெறுகிறான். உலகத்தையே படைத்த வார்த்தையானவர் மாமிசமானபோது, பேசத் தெரியாத குழந்தையாகத்தான் மரியம்மாளின் மடியில் கிடந்தார். அவரும் அவளுடைய வாயைப் பார்த்தே அரமேயச் சொற்களைப் பழகினார். முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் வீணாகக் கழிந்தன என்று நாம் சொல்வதில்லையே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பில், வேதபோதகர்கள் மக்களின் மொழியைச் சரளமாகவும் செம்மையாகவும் கையாளுமளவுக்குக் கற்கவேண்டும் என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. கடைக்குப் போய்வருமளவுக்குப் படித்தால் போதும் என்று சங்கம் கருதவில்லை. பிழையான சொல் விசுவாசத்தையே வேறாக்கிவிடும். தமிழராகிய நாம் இதற்குச் சாட்சிகள். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து படிப்பித்தார். 1544-இல் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் அனுப்புகிறார்: விசுவாசப் பிரமாணத்தில் "வேணும்" என்று சொல்லிவருவதை விட்டு "விசுவாசம்" என்ற சொல்லை வையுங்கள், ஏனென்றால் முன்னது விருப்பத்தையே குறிக்கும் என்கிறார். "சர்வேசுரனை விசுவசிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "எனக்கு வேணும்" என்று நம் கடற்கரைப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! சிரிக்கலாம், ஆனால் பிழையை ஒத்துக்கொண்டு எழுதிய அந்தப் பணிவைப் பாருங்கள். பின்னர் 1549-இல் யப்பானிலிருந்து எழுதும்போது, மொழி தெரியாமையால் நாம் இம்மக்கள் நடுவே சிலைகளைப் போல நிற்கிறோம் என்றும் அவர் ஒத்துக்கொள்கிறார்.

கொச்சபம்பாவுக்குத் திரும்புவோம். அந்தத் தம்பதி ஒருவாறு ஸ்பானிய மொழியைப் படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக்கு வெளியே ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோரோடும் பேசுகிறார்கள். பின்வரிசையில் இருந்த கிழவிகள் புன்சிரிப்போடு தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அந்தக் கிழவிகள் செபிப்பதும் அழுவதும் கெச்சுவா மொழியில். ஸ்பானியம் நீதிமன்றத்தின் மொழி, காணி உறுதியின் மொழி, மேசைக்கு அப்பால் இருக்கிறவரின் மொழி. இவர்கள் பெரும்பாடுபட்டுக் கற்ற மொழி, வென்றவனின் மொழியாகப் போய்விட்டது.

திருச்சபை இதை அறியாமலிருக்கவில்லை. தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற சாமிநாதர் சபைத் துறவி 1560-இலேயே கெச்சுவா இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். புனித துரிபியு ஆண்டகை கூட்டிய மூன்றாம் லீமா சங்கம் ஞானோபதேசத்தைக் கெச்சுவாவிலும் அய்மாராவிலும் படிப்பிக்கக் கட்டளையிட்டது. 1584-இல் லீமாவில் மூன்று மொழிகளிலும் அச்சான அந்த ஞானோபதேச நூல் தென் அமெரிக்காவின் முதல் அச்சு நூலாகப் போற்றப்படுகிறது. நம் அன்றிக்கு அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் அச்சானது 1578-இல். உலகின் இரு கோடிகளிலே ஆறே ஆண்டு இடைவெளியில் ஒரே எண்ணம் பிறந்திருக்கிறது. ஆனால் அங்கே கதை வேறு திசையில் போயிற்று. 1770-இல் ஸ்பானிய மன்னர் மூன்றாம் சார்ல்ஸ் குடியேற்ற நாடுகளில் கஸ்தீலிய மொழியே வழங்கவேண்டும் என்றும் மற்ற மொழிகள் மறைய வேண்டும் என்றும் ஆணையிட்டார். மொழிகள் ஆணைக்கு அடங்கவில்லை. 2009-ஆம் ஆண்டுப் பொலிவிய அரசியலமைப்பு ஸ்பானியத்தோடு முப்பத்தாறு சுதேச மொழிகளையும் அரச மொழிகளாக ஏற்றுக்கொண்டது.

ஏட்டில் ஏற்பது வேறு. அலுவலகத்தில் நடப்பது வேறு. தனக்குத் தெரியாத மொழியில் அச்சடித்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் கிழவியின் முகம் எப்படியிருக்கும் என்று 1956-க்குப் பின் வாழ்ந்த தமிழருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தத் தம்பதியும் இப்போது அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அஞ்சலகத்தில் முத்திரை கேட்கத் தெரியாமல் நின்ற நாட்கள் இருந்திராவிட்டால், அவளை மந்தமானவள் என்றே எண்ணியிருப்பார்கள். ஆயினும் இங்கேயும் ஒரு நேர்மை வேண்டும். அவர்களுடைய ஊமைத்தனம் தாமாக ஏற்றது. எப்போது வேண்டுமானாலும் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு தம் மொழிக்குத் திரும்பிவிடலாம். அவளுக்குத் திரும்பிப் போக வேறு இடமில்லை. "நாங்களும் உங்களைப் போலத்தான்" என்று அவர்கள் சொல்வார்களானால் அது பொய். அவளுக்குப் பக்கத்தில் நிற்கலாம். அவளுடைய இடத்தில் நிற்க முடியாது.

பிள்ளைகளின் காரியத்தில் எனக்கு இலகுவான விடை கிடையாது. குரு தனக்காக மட்டும் புறப்படுகிறான். தகப்பன் தன் அழைப்புக்கு, கேட்கப்படாத பிள்ளையையும் கூட்டிப் போகிறான். பிள்ளை இரண்டு உலகங்களைப் பெறலாம். இரண்டிலும் அந்நியனாகவும் ஆகலாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். கணவனுக்கு மட்டும் வந்த அழைப்பு, குடும்பத்துக்கு வந்த அழைப்பாகாது. மனைவி அழுதுகொண்டு பின்னால் போனால் அது மறைபரப்பல்ல, அவளுக்குச் செய்யும் அநியாயம். இருவரும் மனமொத்துப் போனபின், ஒருவருக்குத் தாங்க முடியாமற் போய்த் திரும்பி வந்தால் அதைத் தோல்வியென்று பேசும் நாவுகளைக் கர்த்தர் கட்டுவாராக. திருமணமும் ஓர் அழைப்பே. அதுவே முந்திய அழைப்பு.

வேதாகமத்தில் ஒரு தம்பதி உண்டு. கிளவுதியு மன்னனின் கட்டளையால் உரோமையிலிருந்து துரத்தப்பட்டுக் கொரிந்துக்கு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரத் தொழிலாளர். சின்னப்பர் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். பின்னர் எபேசுவில், நாவன்மை மிக்க அப்பொல்லோ செபக்கூடத்தில் போதிப்பதைக் கேட்டு, அவரைத் தங்களிடம் அழைத்து, இறைவனின் வழியை இன்னும் திருத்தமாக எடுத்துரைத்தார்கள். அவர்கள் பெரிய பிரசங்கம் எதுவும் செய்ததாக லூக்காஸ் எழுதவில்லை. வீட்டைத் திறந்து வைத்திருந்தார்கள், தையல் வேலை செய்தார்கள், ஒருவரின் பிழையைச் சபை நடுவே அல்லாமல் தனியே திருத்தினார்கள். படித்தவரான அப்பொல்லோவும் கூடாரம் தைப்பவர்களிடம் இருந்து கேட்டுக்கொண்டார்.

அந்த மலைக் கிராமத்து வீட்டில், ஒரு மாலை வேளையில், நம் தம்பதி கெச்சுவா மொழியில் முதன்முதலாகப் பரலோக மந்திரம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அடுப்பங்கரையில் இருந்த கிழவி ஒரு சொல்லில் குறுக்கிட்டு, தலையசைத்து, அதைச் சரியாகச் சொல்லிக் காட்டுகிறாள். மனைவி அதை உடனே பிடித்துக்கொள்கிறாள். கணவனுக்கு இன்னும் வரவில்லை. கிழவி மூன்றாந் தரமும் சொல்கிறாள். அவன் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.